கையை உதறினால் உதறட்டும்

திருமங்கலத்திலிருந்து ஒரு அம்மா ஆட்டிசம் உள்ள தன் ஒன்பது வயது மகனைப் பஸ்ஸில் என்னிடம் கூட்டி வருவார். வந்து உட்கார்ந்ததும் கேட்பது ஒன்றுதான்: "இந்தக் கைய உதறுறத எப்ப சார் நிப்பாட்டுவான்?"

முன்பெல்லாம் என்னிடம் அதற்குத் தயாராக ஒரு திட்டம் இருக்கும். கையை மடியில் வை, என் கண்ணைப் பார், ஆடாமல் உட்கார். செய்தால் ஒரு உலர்திராட்சை. செயல்முறை சிகிச்சையாளனாக (ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்) நான் கற்றுக்கொண்டது அதுதான்.

அதை விட்டதற்குக் காரணம், ஆட்டிசம் உள்ள பெரியவர்கள் இணையத்தில் தங்களுக்குள் பேசிக்கொள்வதைப் படித்தது. கண்ணைப் பார்க்கச் சொன்னால் பேச்சு காதில் ஏறாது என்று அவர்களில் பலர் சொல்கிறார்கள். சத்தமும் வெளிச்சமும் மேலே வந்து விழும்போது கையை உதறுவது ஒரு பிடிமானம். சில நேரம் வெறும் சந்தோஷம். அதை அடக்கி வைத்தால் பிறகு வேறெங்காவது வெடிக்கும். அந்த அம்மாவிடம் விசாரித்தேன். பையன் பள்ளியில் படு சமர்த்தாம். வீட்டுக்கு வந்ததும் தலையைச் சுவரில் முட்டுகிறானாம்.

இந்தப் பேச்சு நேற்று முளைத்ததல்ல. ஆட்டிசம் உள்ளவர்களே நடத்திய ஆட்டிசம் நெட்வொர்க் இன்டர்நேஷனல் 1992-இல் அமெரிக்காவில் தொடங்கியது. அதைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஜிம் சின்க்ளேர், மறு வருடமே பெற்றோர்களைப் பார்த்து, எங்களுக்காகத் துக்கம் காக்காதீர்கள் என்றார். கனவு கண்ட பிள்ளை வரவில்லையே என்ற வருத்தம் வரலாம், ஆனால் எதிரே நிற்கும் பிள்ளையை வைத்துக்கொண்டு ஒப்பாரி வேண்டாம் என்பது அவர் வாதம்.

1996 முதல் அவர்கள் நடத்திய முகாம்களில் வந்த ஒரு வழக்கம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். சட்டையில் வண்ண அட்டை. சிவப்பு என்றால் பேச வேண்டாம். மஞ்சள் என்றால் தெரிந்தவர்கள் மட்டும் பேசலாம். பச்சை என்றால் பேச ஆசைதான், தொடங்கத் தெரியவில்லை, நீங்களே வாருங்கள்.

எங்கள் சனிக்கிழமைக் கூடுகைக்கு வரும் ஆட்டிசம் உள்ள நான்கு இளைஞர்களிடம் இதைச் செய்து பார்த்தோம். முதல் வாரம் எல்லாரும் சிவப்பு! மூன்றாவது வாரம் இரண்டு பேர் பச்சைக்கு மாறி, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலே, வைகை எக்ஸ்பிரஸ் போகும் வழியைச் சோழவந்தான், கொடைரோடு, திண்டுக்கல் என்று ஒரு மணி நேரம் ஒப்பித்தார்கள். இடையில் நுழைந்த எனக்குத்தான் எங்கே சிரிப்பது என்று புரியவில்லை. புரியாமை இரண்டு பக்கமும் இருக்கிறது என்று ஆய்வாளர் டேமியன் மில்டன் 2012-இல் எழுதினார். அவரும் ஆட்டிசம் உள்ளவர். நம் அரசுத் தாள்களிலோ இவர்களுக்குப் பெயர் 'புற உலகச் சிந்தனையற்றோர்'. புற உலகம் அளவுக்கு மீறி உள்ளே வருவதுதான் இவர்கள் படும் பாடு.

"அவங்க எழுதுறாங்க, என் பையன் பேசவே மாட்டானே" என்று பெற்றோர் கேட்பது நியாயம்தான். ஆனால் அந்த இணையக் குழுக்களில் வாய் பேசாமல், தட்டச்சு செய்து மட்டும் பேசுகிறவர்களும் இருக்கிறார்கள். ஆங்கிலம் வாசிப்பவர்கள் 2006-இல் தொடங்கிய ஆட்டிஸ்டிக் செல்ஃப் அட்வகசி நெட்வொர்க் என்ற அமைப்பு வெளியிடும் எளிய நடைக் கையேடுகளிலிருந்து ஆரம்பிக்கலாம், காசு கிடையாது. அப்புறம், ஸ்டெம் செல் போட்டுக் குணமாக்குகிறோம் என்று யாராவது அழைத்தால் போனை வைத்துவிடுங்கள். ஆட்டிசத்தைக் குணமாக்கும் மருந்து எதுவும் இல்லை.

சித்திரையில் அந்த அம்மாவுக்கு ஓர் ஆசை: மகனுக்கு அழகர் ஆற்றில் இறங்குவதைக் காட்ட வேண்டும். நான் யோசனை சொல்லவில்லை, சனிக்கிழமைப் பையன்களில் ஒருவரிடம் கேட்டேன். முந்தின நாளே கூட்டிப்போய் இடத்தைக் காட்டுங்கள், காதுக்குச் சத்தம் குறைக்கும் மஃப் போடுங்கள், கூட்டத்தின் ஓரத்தில் நில்லுங்கள், கிளம்பணும் என்று அவன் காட்டினால் உடனே கிளம்புங்கள் என்றார்.

இருபது நிமிடம் நின்றார்களாம். அழகரை அவன் பார்க்கவே இல்லை. தோப்பறை என்ற தோல்பையிலிருந்து தண்ணீர் பீய்ச்சுகிறவர்களையே பார்த்துக் கையை உதறிக்கொண்டிருந்தானாம்.