லென்ஸ்: பருப்பிலிருந்து வில்லைக்கு

மளிகைக் கடையில் தோல் நீக்காத முழு மைசூர் பருப்பு ஒரு கைப்பிடி வாங்கிப் பாருங்கள். மைசூருக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. மசூர் என்ற வடநாட்டுப் பெயர் நம் வாயில் புகுந்து மைசூர் ஆகிவிட்டது. ஒரு மணியை விரலிடுக்கில் பிடித்துப் பக்கவாட்டில் பாருங்கள். நடுவில் தடித்து, ஓரத்தில் மெலிந்து, இரண்டு பக்கமும் லேசாகப் புடைத்திருக்கும். பள்ளிக்கூடத்தில் அறிவியல் நோட்டில் வரைந்தோமே, அந்தக் குவிலென்சின் படமேதான். இதில் தற்செயல் எதுவும் இல்லை. இலத்தீனில் இந்தப் பருப்புக்குப் பெயரே லென்ஸ்.

செடியின் அறிவியல் பெயர் இன்றும் லென்ஸ் குலினாரிஸ்தான். கேமராக் கடையில் போய் ‘நல்ல லென்ஸ் ஒன்று காட்டுங்கள்’ என்று கேட்டால், பழைய ரோமாபுரிக்காரர் காதில் பருப்பு கேட்பதாகத்தான் விழும். தோல் நீக்கி உடைத்த சிவப்புப் பருப்பு இருக்கிறதே, அது ஒரு பக்கம் தட்டை, ஒரு பக்கம் புடைப்பு. அதற்கும் இயற்பியலில் ஒரு சோடி உண்டு: தட்டைக்குவி லென்ஸ். ஆக, சாம்பாரில் துவரம்பருப்புக்குப் பதில் அவசரத்துக்குப் போடுகிற ஒரு பருப்பில் இரண்டு வகை லென்ஸ் அடங்கியிருக்கிறது.

பருப்பின் பெயரைக் கண்ணாடிக்கு வைத்தது இலத்தீன் மட்டும் இல்லை. ஜெர்மன்காரருக்கு லின்சே என்றால் பருப்பும் அதுதான், லென்சும் அதுதான். பிரெஞ்சிலும் அப்படியே, புதுச்சேரியில் பிரெஞ்சு படித்தவர்களைக் கேட்டுப் பாருங்கள், கண்ணுக்குள் வைக்கிற லென்சுக்கும் தட்டில் போடுகிற பருப்புக்கும் ஒரே சொல்லைச் சொல்வார்கள். அரபியில் அதஸ் என்பது பருப்பு, அதஸா என்பது லென்ஸ். இத்தனை மொழிகளில் ஒளியியல் அடுக்களையிலிருந்துதான் சொல்லை எடுத்திருக்கிறது.

பருப்போடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. ஃபோகஸ் என்கிறோமே, அந்தச் சொல்லுக்கு இலத்தீனில் அடுப்பு என்று பொருள், வீட்டின் நடுவே தீ எரியும் இடம். கோள்களின் பாதையைக் கண்டுசொன்ன கெப்ளர்தான் 1604இல் வெளியிட்ட ஒளியியல் நூலில் அதைக் கணிதச் சொல்லாக்கினார். கண்ணாடி வழியே வரும் வெயில் ஒரு புள்ளியில் கூடித் தீப்பற்ற வைக்கும் அல்லவா, அந்த இடம்தான் அடுப்பு. கேமரா என்ற சொல்லுக்கோ இலத்தீனில் அறை என்று பொருள். இருட்டறையின் சுவரில் ஒரு சிறு துளை போட்டால் வெளியே நடப்பது எதிர்ச்சுவரில் தலைகீழாக விழும். அந்த இருட்டறைக்கு வைத்த பெயரின் முன்பாதி மட்டும் நம் கையில் மிஞ்சியிருக்கிறது. அறை, பருப்பு, அடுப்பு. இவ்வளவையும் கழுத்தில் மாட்டிக்கொண்டுதான் கல்யாணத்துக்குப் படம் எடுக்கப் போகிறோம்.

அந்த அறைக்குள் பருப்பு எப்போது வந்தது? இத்தாலியில் 13ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே மூக்குக்கண்ணாடி வந்துவிட்டது. 1568இல் வெனிசைச் சேர்ந்த தானியேலே பார்பரோ ஒரு வழி எழுதினார். வெள்ளெழுத்துக்கு வயதானவர்கள் போடும் கண்ணாடியை எடுத்து இருட்டறையின் துளையில் பொருத்துங்கள், அதன் ஓரத்தை மறைத்து நடுவில் மட்டும் கொஞ்சம் திறந்து விடுங்கள், பிம்பம் இன்னும் தெளிவாக விழும் என்றார். தாத்தாவின் கண்ணாடிதான் அவருடைய லென்ஸ். ஓரத்தை மறைத்தாரே, அதுதான் இன்று நாம் அப்பர்ச்சர் என்று திருகிக்கொண்டிருப்பது.

இனி நம் பக்கம். வெயிலைக் கூட்டித் தீ மூட்டும் கல்லை நம்மவர்கள் அறியாதவர்கள் இல்லை. சூரியகாந்தக் கல் என்பார்கள். திருமந்திரத்தில் திருமூலர் அதைப் பஞ்சோடு சேர்த்து உவமையாகச் சொல்கிறார்: கல் பஞ்சின் பக்கத்தில் இருந்தாலும் தானாகச் சுடாது, சூரியன் முன்னால் வந்தால்தான் சுடும், குருவின் முன்னால் மலங்கள் அறுவதும் அப்படித்தான். அங்கே அந்தக் கல் ஞானத்துக்கு உவமை. வேலை என்னவோ குவிலென்சின் வேலை.

பிற்காலத்தில் வெள்ளைக்காரன் கொண்டுவந்த கருவிகளுக்கெல்லாம் கண்ணாடி என்றே பெயர் வைத்தோம்: மூக்குக்கண்ணாடி, பூதக்கண்ணாடி, தூரக்கண்ணாடி. பூதக்கண்ணாடி என்ற பெயர் எனக்கு ரொம்பப் பிடிக்கும். எறும்பைப் பூதமாக்கும் கண்ணாடி! ஆனால் கண்ணாடி என்ற சொல்லில் ஒரு தொல்லை: முகம் பார்ப்பதும் கண்ணாடி, ஜன்னலில் இருப்பதும் கண்ணாடி. ஆடி என்று சுருக்கினாலும் தீராது. குவியாடி, குழியாடி என்றால் பாடப்புத்தகத்தில் முகம் பார்க்கும் கண்ணாடி வகை. ஒளியைத் திருப்பி அனுப்புபவை. லென்ஸ் ஒளியை உள்ளே விட்டு வளைப்பது. டி.எஸ்.எல்.ஆர் கேமராவுக்குள் இரண்டுமே இருப்பதால் இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால் மாட்டிக்கொள்வோம்.

தமிழ்நாட்டுப் பாடநூல்கள் குவிலென்சு, குழிலென்சு என்று ‘லென்சு’வையே வைத்துக்கொண்டன. இலங்கைப் பாடநூல்களில் குவிவு வில்லை, குழிவு வில்லை என்று வரும். கேமராவைப் பொறுத்தவரை என் ஓட்டு இலங்கைக்கு.

ஏனென்றால் வில்லை என்பது யாரோ அறையில் உட்கார்ந்து செய்த சொல் அல்ல. பூஜை அலமாரியைத் திறந்தால் கற்பூர வில்லை இருக்கிறது. சந்தனத்தைத் தட்டிக் காயவைத்தால் சந்தன வில்லை. மாத்திரைக்கு நல்ல தமிழ் மருந்து வில்லை. பின்னலில் வைக்கிற வட்ட நகை சடைவில்லை. அந்தக் காலத்துக் கச்சேரியில், அதாவது அரசு அலுவலகத்தில், பித்தளை வட்டத்தைப் பட்டையில் குத்திக்கொண்டு நின்ற சேவகனுக்கு வில்லைச் சேவகன் என்று பெயர். தெலுங்கில் பில்ல என்பது இதன் உறவு. எல்லாவற்றுக்கும் பொது என்னவென்றால் சின்னதாக, வட்டமாக, தட்டையாக இருப்பது. இலத்தீன்காரர் வடிவத்தைப் பார்த்துப் பருப்பு என்றார்; நாமும் வடிவத்தைப் பார்த்துத்தான் வில்லை என்கிறோம். லென்சை மொழிபெயர்த்திருந்தால் பருப்பு என்று வந்திருக்கும். நல்ல வேளை, யாரும் மொழிபெயர்க்கவில்லை.

வில்லைப் போல வளைந்திருப்பதால் வில்லை என்று விளக்கம் சொல்பவர்கள் இருக்கிறார்கள். கேட்க அழகாக இருக்கிறது, எனக்குப் பொருந்தவில்லை. சந்தன வில்லையில் வில் எங்கே வளைந்தது?

ஃபோகசுக்குக் குவியம் என்பது அதைவிடப் பொருத்தம். கை குவிப்பது, நெல் குவிப்பது, இதழ் குவிவது எல்லாம் ஒரே வினை. அடுப்பு என்ற உவமையைவிடக் ‘குவி’ நேராக விஷயத்தைச் சொல்கிறது: கதிர்கள் குவியும் இடம் குவியம், வில்லையிலிருந்து அதற்குள்ள தூரம் குவியத் தூரம். லென்சின் மேல் 50 மி.மீ. என்று எழுதியிருப்பது இதுதான். புதிதாகக் கற்பவர்கள் இதை லென்சின் நீளம் என்றோ, எவ்வளவு தூரத்துக்குப் படம் எடுக்கும் என்றோ நினைத்துக்கொள்கிறார்கள். வீட்டில் யாராவது பிளஸ் 2 பவர் வெள்ளெழுத்துக் கண்ணாடி போட்டிருந்தால் வாங்கி, ஜன்னலுக்கு எதிர்ச்சுவரின் முன்னால் பிடியுங்கள். சுவரிலிருந்து அரை மீட்டர் வாக்கில் வந்ததும் ஜன்னலுக்கு வெளியே உள்ள மரம் தலைகீழாகச் சுவரில் தெளியும். ஒன்றைப் பவரால் வகுத்தால் மீட்டரில் குவியத் தூரம். அந்தக் கணக்கில் 50 மி.மீ. லென்ஸ் என்பது பிளஸ் 20 பவர் கண்ணாடி.

டி.எஸ்.எல்.ஆர் என்பதில் வரும் எல்லும் லென்ஸ்தான். விரித்தால் ‘எண்ணிம (டிஜிட்டல்) ஒற்றைவில்லை எதிரொளிப்பு’ என்று வரும். அது என்ன ஒற்றை? முன்பு 1929இல் வந்த ரோலைஃபிளெக்ஸ் போன்றவற்றில் இரண்டு வில்லை: மேலே உள்ளதில் பார்க்க வேண்டும், கீழே உள்ளது படம் பிடிக்கும். ஒற்றைவில்லைக் கேமராவில் பார்ப்பதும் பிடிப்பதும் ஒன்றே. வில்லை வழியே வந்த ஒளியை உள்ளே சாய்ந்து நிற்கும் ஆடி மேலே திருப்ப, பட்டகம் அதை நிமிர்த்திக் கண்ணுக்குத் தரும். பொத்தானை அழுத்தினால் ஆடி டப்பென்று எழுந்து வழிவிடும். அந்தச் சத்தத்துக்காகவே கேமரா வாங்கியவர்கள் உண்டு, நானும்தான். இப்போது ஆடி போய் ஆவணி வந்த மாதிரி மிரர்லெஸ் வந்துவிட்டது. அதில் ஆடி இல்லை, வில்லை இருக்கிறது.

சரி, ஒற்றை வில்லை என்கிறோம், உள்ளே எத்தனை வில்லை? கேனனின் மலிவான 50 மி.மீ. எஃப்/1.8 லென்சில் 6 கண்ணாடிகள், 5 தொகுதிகளாக. ஜூம் லென்சில் இன்னும் கூடும். ஆங்கிலத்தில் உள்ளே இருக்கும் துண்டுக்கும் லென்ஸ், குழலோடு சேர்ந்த முழுப் பொருளுக்கும் லென்ஸ். நமக்கு அந்தக் குழப்பம் வேண்டாம்: துண்டு வில்லை, முழுசும் வில்லைத்தொகுதி. பேச்சில் முழுசையும் லென்ஸ் என்றே சொல்லிவிட்டுப் போகலாம். கடைக்காரரிடம் போய் ‘எண்ணிம ஒற்றைவில்லை எதிரொளிப்புப் படக்கருவிக்கு ஒரு வில்லைத்தொகுதி’ என்று கேட்டால் டீ வாங்கிக்கொடுத்து உட்காரவைத்து விடுவார்கள்.

இந்தச் சொற்கள் பிடிபட்டால், அடுத்து என்ன வாங்குவது என்ற கேள்விக்கும் பாதி விடை வந்துவிடும். கேமராவோடு வரும் 18-55 லென்சில் 55 மி.மீ. முனையில் துளை எஃப்/5.6தான் திறக்கும். எஃப் எண் என்பது குவியத் தூரத்தைத் துளையின் விட்டத்தால் வகுத்தது, 55ஐ 5.6ஆல் வகுத்தால் துளை 10 மி.மீ.கூட இல்லை. 50 மி.மீ. எஃப்/1.8இல் 50ஐ 1.8ஆல் வகுத்தால் ஏறக்குறைய 28 மி.மீ. உள்ளே வரும் ஒளி 9 மடங்குக்கு மேல் கூடுகிறது. மண்டபத்தில் மங்கலான விளக்கில் நொடியில் 10இல் ஒரு பங்கு திறந்து வைத்து, தாலி கட்டும் கையெல்லாம் கலங்கிப் போன இடத்தில், 100இல் ஒரு பங்கிலேயே எடுத்துவிடலாம். புது பாடி, அதாவது லென்ஸ் இல்லாத வெறும் கேமரா, வாங்கினால் இது கிடைக்காது. அதனால் முதல் காசை வில்லையில் போடுங்கள் என்பேன். சினிமாக்காரர்கள் பிளாக் லென்ஸ் என்றும் மற்றவர்கள் பிரைம் என்றும் சொல்வது இந்த வகையை. குவியத் தூரம் மாறாது. தமிழில் மாறாக்குவிய வில்லை எனலாம். பெரிதாக்கிப் பார்க்க நாம்தான் முன்னும் பின்னும் நடக்க வேண்டும், உடம்புக்கும் நல்லது.

வாங்கும்போது இரண்டு இடத்தில் கவனம். நிக்கானின் எஃப் மவுண்ட் (லென்சைப் பாடியில் மாட்டும் வளையம்) 1959இலிருந்து இருப்பதால் பழைய லென்ஸ் பொருந்திவிடும், ஆனால் டி3500, டி5600 போன்ற சின்ன பாடிகளுக்குள் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. பெயரின் கடைசியில் டி என்று வரும் 50 மி.மீ. லென்சை மாட்டினால் கையால்தான் திருக வேண்டும். மோட்டாரோடு வரும் ஜி வகையைக் கேளுங்கள். கேனனில் இ.எஃப்-எஸ் என்று இருப்பவை சின்ன சென்சாருக்கானவை (சென்சார் என்பது ஃபிலிமுக்குப் பதில் ஒளியை வாங்கும் தகடு), பழைய 35 மி.மீ. ஃபிலிம் அளவுக்கே சென்சார் உள்ள ஃபுல் ஃபிரேம் டி.எஸ்.எல்.ஆரில் ஏறாது. நாளைக்கு ஃபுல் ஃபிரேமுக்குப் போகும் எண்ணம் இருந்தால் இன்றைக்கே இ.எஃப். அப்புறம், சின்ன சென்சாரில் 50 மி.மீ. லென்ஸ் 75 அல்லது 80 ஆகிவிடும் என்பார்கள். ஆகாது. வில்லையின் குவியத் தூரம் வில்லையோடு பிறந்தது, எதில் மாட்டினாலும் மாறாது. சென்சார் சின்னதாக இருப்பதால் பிம்பத்தின் நடுப்பகுதி மட்டும் வெட்டுப்படுகிறது, பார்க்க 75 போலத் தெரிகிறது. பெரிய படத்தைச் சின்ன சட்டத்தில் மாட்டியது போல.

பழசு வாங்குகிறவர்கள் டார்ச் எடுத்துப் போங்கள். நான் ஒருமுறை 70-300 ஒன்றை வெளிப்பளபளப்பை நம்பி வாங்கி வந்தேன். வீட்டில் பின்பக்கமிருந்து டார்ச் அடித்தால் மூன்றாவது வில்லையில் வெள்ளை வேர் ஓடியிருந்தது. ‘பங்கஸ் புடிச்சிருக்கு’ என்பார்கள் சர்வீஸ்காரர்கள். பங்கஸ் வேறொன்றுமில்லை, ஊறுகாயில் பூப்பதும் அதுதான்: பூஞ்சை. கடலோர ஊரில் பையிலேயே லென்சை மூடி வைத்தால் அது வராமல் இருக்காது. காற்றுப்புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள், மாதம் ஒருமுறையாவது எடுத்து வெளிச்சத்தில் படம் எடுங்கள்.

எழுதும்போது ஒரு சின்ன சிக்கல் மட்டும் பாக்கி. ‘வில்லை எடு’ என்று எழுதினால் இராமாயணம் ஞாபகம் வருகிறது. வில்லுக்கு ஐ சேர்ந்தாலும் வில்லை, லென்சும் வில்லை. ‘வில்லையை எடு’ என்று எழுதிவிட்டால் யாரும் அம்பைத் தேட மாட்டார்கள்.