லெட்டர்பிரஸ் புக்: அழுத்துப் படியேடு

அமெரிக்காவின் 19-ஆம் நூற்றாண்டு ஆட்புல (இன்னும் மாநிலமாகாத பகுதி) ஆளுநர்களின் கடிதங்களைத் தேடி ஆவணக்காப்பகப் பட்டியலைப் புரட்டினால் 'லெட்டர்பிரஸ் புக்' என்ற சொல் கண்ணில் படும். இதை 'எழுத்தச்சு நூல்' என்று பெயர்த்தால் பொருள் கெட்டுவிடும். அச்சகத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. அனுப்பிய கடிதங்களை ஈரத்தில் ஒற்றிப் படியெடுத்து வைத்த கட்டேடு இது.

இலத்தீன் 'லிட்டெரா' எழுத்தைக் குறிக்கும். அதன் பன்மை கடிதத்தையும் குறித்தது. இரு பொருளும் ஆங்கில 'லெட்டர்' சொல்லில் தங்கிவிட்டன. அச்சுத் தொழிலின் லெட்டர்பிரஸ் எழுத்தைச் சேர்ந்தது. அலுவலகத்து லெட்டர்பிரஸ் கடிதத்தைச் சேர்ந்தது. 'பிரஸ்' இரண்டிலும் அழுத்தும் பொறிதான்.

இம்முறைக்கு 1780-இல் காப்புரிமை பெற்றவர் நீராவிப் பொறியால் அறியப்பட்ட ஜேம்ஸ் வாட். முதலில் உதிரித் தாளில் படியெடுத்தார்கள். பின்னாளில் நூற்றுக்கணக்கான மெல்லிய தாள்களைக் கட்டி, பக்க எண்ணும் பெயரடைவும் சேர்த்த ஏடுகள் வந்தன.

எழுத்தர் அடுத்த வெற்றுத் தாளின் கீழே எண்ணெய்த்தாள் ஒன்றைச் செருகி, மெல்லிய தாளைத் தூரிகையால் நனைத்து, மிகுந்த ஈரத்தை ஒற்றுத்தாளால் எடுப்பார். எழுதிய முகம் அத்தாளின் அடிப்பக்கத்தில் படும்படி கடிதத்தை வைப்பார். ஈரம் மற்றப் பக்கங்களுக்குப் பரவாமலிருக்க மேலும் கீழும் எண்ணெய்த்தாள். ஏட்டை மூடி இரும்புப் பொறியில் திருகி ஓரிரு நிமிடம் அழுத்தினால், மையில் ஒரு பங்கு தாளில் ஏறிவிடும். ஒட்டும் முகத்தில் எழுத்து இடவலம் மாறித்தான் பதியும். தாள் மெல்லியதாதலால் மேற்புறத்திலிருந்து நேராகப் படிக்கலாம். இதற்கென்றே சர்க்கரையோ கிளிசரினோ கலந்த தனி மை வைத்திருந்தார்கள்.

ஈரம் கூடினால் எழுத்து கசிந்து பரவும். குறைந்தால் நிழல் போல விழும். எழுதி ஒரு நாளுக்குமேல் ஆன கடிதத்தில் மை இறுகிவிடுவதால் படி சரியாக ஏறாது. அனிலின் என்ற செயற்கைச் சாய மையில் எடுத்தவை வெளிச்சத்தில் வெளுத்துப்போயின. இரும்பு மையோ தாளையே அரித்தது. ஒரே ஏட்டில் தெளிவான பக்கமும் படிக்கவே முடியாத பக்கமும் அடுத்தடுத்து வருவது இதனால்தான்.

ஆட்புலம் என்பது மாநிலத் தகுதி பெறாத நிலப்பகுதி. அதன் ஆளுநரை மக்கள் தேர்ந்தெடுப்பதில்லை. செனட்டின் ஒப்புதலோடு குடியரசுத் தலைவர் அமர்த்துவார். ஆகவே அவருடைய அரசியலில் பெரும்பகுதி வாஷிங்டனுக்கு எழுதும் கடிதத்தில்தான் நடந்தது: பதவிப் பரிந்துரை, படை கேட்பு, பழங்குடி நில உடன்படிக்கை. அனுப்பியவற்றின் படிகள் மட்டுமே இந்த ஏட்டில் இருக்கும். வந்த கடிதங்களை மடித்து, வெளிப்பக்கத்தில் பெயரும் நாளும் பொருளும் குறித்துத் தனியே கட்டிவைத்தார்கள்.

அலுவலக ஏட்டை மட்டும் படித்துவிட்டு ஆளுநரின் அரசியலை முடிவுகட்டக் கூடாது. கனமான பேச்சு பெரும்பாலும் தனிக் கடிதத்தில் போனது. இந்தியானா ஆட்புல ஆளுநர் வில்லியம் ஹென்றி ஹாரிசனுக்குக் குடியரசுத் தலைவர் ஜெஃபர்சன் 1803 பிப்ரவரி 27-இல் எழுதியது அப்படிப்பட்டது. பழங்குடித் தலைவர்களை வணிகக் கடனில் ஆழ்த்தினால் நிலத்தைக் கொடுத்துத் தீர்க்க முன்வருவார்கள் என்ற கொடிய திட்டத்தை, இது அலுவல்முறைக் கடிதமல்ல என்று சொல்லியே விரித்திருக்கிறார். நியூ மெக்சிகோ ஆட்புல ஆளுநர் லூ வாலஸ் 1879 மார்ச்சில், 'பில்லி த கிட்' எனப்பட்ட தேடப்படும் குற்றவாளி போனிக்கு, இரவு ஒன்பது மணிக்கு வில்சன் வீட்டுக்குத் தனியாக வரச்சொல்லி எழுதினார். வாலஸின் தாள்கள் இன்று இந்தியானா வரலாற்றுக் கழகத்தில் இருக்கின்றன.

தமிழில் 'அழுத்துப் படியேடு' பொருந்தும். ஓலைச்சுவடி வழக்கிலிருந்தே 'படி', 'படியெடுத்தல்' நம்மிடம் உண்டு; 'நகல்' அரபு வழி வந்தது. கையால் பார்த்தெழுதிய ஏட்டைக் 'கையெழுத்துப் படியேடு' என்று பிரித்துச் சொல்ல வேண்டும், ஏனெனில் அதில் எழுத்தர் சொல் விட்டிருக்கலாம், மாற்றியிருக்கலாம். அழுத்துப்படியில் அந்த ஐயம் இல்லை. படி மங்கியிருந்தால் வாஷிங்டனுக்குப் போய்ச் சேர்ந்த மூலத்தைத் தேடலாம்: 1873 வரை வெளியுறவுத் துறைத் தொகுப்பில், அதன்பின் உள்துறைத் தொகுப்பில்.