செம்பைக் கரைக்கும் இரும்பு, இரும்பால் பிழைக்கும் பாக்டீரியா

செம்புத் தாதுவைப் பொடியாக அரைத்து, 1,200 டிகிரி செல்சியஸ் அளவில் உருக்குவது வழக்கமான முறை. ஒரு டன் பாறையில் ஐந்து கிலோ செம்புகூடத் தேறாது என்றால் அந்தச் செலவு கட்டுப்படியாகாது. அத்தகைய பாறையைத்தான் பாக்டீரியாவிடம் விடுகிறார்கள்.

பாக்டீரியா செம்பைத் தின்கிறது என்று பலர் எழுதுகிறார்கள். தின்பதில்லை. 1947இல் அமெரிக்க நிலக்கரிச் சுரங்கங்களின் அமில நீரில் கோல்மர், ஹிங்கிள் என்ற ஆய்வாளர்கள் கண்டறிந்த, இன்று அசிடிதயோபேசில்லஸ் ஃபெர்ரோஆக்சிடன்ஸ் எனப்படும் நுண்ணுயிருக்கு வேண்டியது இரும்பு. பாறையை நனைக்கும் அமிலக் கரைசலில் இருக்கும் ஃபெர்ரஸ் என்ற வகை இரும்பிடமிருந்து ஓர் எலக்ட்ரானைப் பறித்து ஆக்சிஜனிடம் சேர்க்கிறது. அதில் கிடைக்கும் சொற்ப ஆற்றலில் பிழைக்கிறது. உடல் வளர்க்கத் தேவையான கார்பனையும் காற்றிலிருந்தே எடுத்துக்கொள்கிறது.

எலக்ட்ரானை இழந்த இரும்பு ஃபெர்ரிக் ஆகிறது. தாதுவில் உள்ள செம்பு சல்ஃபைடை, அதாவது கந்தகத்தோடு பிணைந்த செம்பை, தாக்கிக் கரைப்பது இந்த ஃபெர்ரிக்தான். கரைக்கும்போது எலக்ட்ரானைப் பெற்று மறுபடியும் ஃபெர்ரஸ் ஆகிவிடும். பாக்டீரியா மறுபடியும் பறிக்கும். அமிலக் கரைசலில் காற்று மட்டுமே இந்த வேலையைச் செய்தால் மிக மிக மெதுவாக நடக்கும். பாக்டீரியா இருந்தால் வேகம் பல லட்சம் மடங்கு கூடுகிறது. மிஞ்சும் கந்தகமும் வீணாவதில்லை: அதைக் கந்தக அமிலமாக்குவதும் இந்தக் கூட்டம்தான்.

பெரிய அளவில் இதைச் செய்துகாட்டிய நாடு சிலி. 1980களில் லோ அகிர்ரே சுரங்கம். பிறகு, கடல் மட்டத்திலிருந்து சுமார் 4,400 மீட்டர் உயரத்தில் கெப்ராடா பிளாங்கா சுரங்கம். உடைத்த தாதுவை அமிலத்தில் நனைத்து, பிளாஸ்டிக் விரிப்பின் மேல் பல மீட்டர் உயரத்துக்குக் குவிக்கிறார்கள். மேலிருந்து அமிலக் கரைசல் சொட்டும். அடியில் பதித்த குழாய்கள் காற்றை ஊதும். காற்று முக்கியம், அது குறைந்தால் பாக்டீரியா முடங்கிவிடும். பெரும்பாலும் பாக்டீரியாவை வெளியிலிருந்து கொண்டுவர வேண்டியதில்லை, தாதுவிலேயே இருக்கும். மாதக்கணக்கில் வடியும் நீலப்பச்சைக் கரைசலிலிருந்து செம்பை மட்டும் ஒரு கரைப்பானால் பிரித்து, மின்சாரம் செலுத்தித் தகடாகப் படியவைத்தால் 99.99 சதவீதத் தூய்மை கிடைக்கும். உலையே தேவையில்லை.

ஆனால் இதெல்லாம் சால்கோசைட் போன்ற செம்பு சல்ஃபைடுக் கனிமங்களுக்குத்தான் நன்றாகப் பொருந்துகிறது. உலகில் மிக அதிகமாகக் கிடைக்கும் செம்புக் கனிமமான சால்கோபைரைட், கொஞ்சம் கரைந்ததுமே மேற்பரப்பில் ஒரு படலம் போர்த்திக்கொண்டு ஃபெர்ரிக்கை உள்ளே விடாது. 60 டிகிரிக்கு மேல் வாழும் ஆர்க்கியா என்ற வேறு வகை நுண்ணுயிர்களைக் கொண்டு சூடான தொட்டிகளில் அதையும் கரைக்கலாம். திறந்தவெளிக் குவியல் முழுவதையும் அந்தச் சூட்டில் வைத்திருப்பதுதான் சிக்கல்.