ஹார்டு என்றால் எந்த ஹார்டு?

இருதய அறுவை சிகிச்சை முடிந்தவர்களை மெல்ல மெல்ல நடக்கப் பழக்குவது என் வேலை. எங்கள் பிசியோதெரபி அறையில் டிரெட்மில்லுக்கு எதிரே ஓர் அட்டை தொங்கும். அதில் 6 முதல் 20 வரை எண்கள். 9க்கு நேரே வெரி லைட், 11க்கு லைட், 13க்கு சம்வாட் ஹார்டு, 15க்கு ஹார்டு, 17க்கு வெரி ஹார்டு, 19க்கு எக்ஸ்ட்ரீம்லி ஹார்டு. உடல் எவ்வளவு சிரமப்படுகிறது என்பதை நடப்பவரே எண்ணாகச் சொல்வதற்காக, சுவீடனைச் சேர்ந்த உளவியலாளர் குன்னர் போர்க் வகுத்த அளவுகோல் இது. ஏன் 6-இல் தொடங்க வேண்டும் என்று எல்லாரும் கேட்பார்கள். எண்ணோடு ஒரு பூஜ்யத்தைச் சேர்த்தால், ஆரோக்கியமான ஒருவரின் நாடித்துடிப்பு ஏறக்குறைய வந்துவிடும். 6 என்றால் ஓய்வில் 60. 20 என்றால் 200.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், அறுபதைத் தாண்டிய பெரியவர் ஒருவரை நடக்க வைத்து, வேகத்தைக் கொஞ்சம் கூட்டிவிட்டு, "ஹார்டாக இருக்கிறதா ஐயா?" என்று கேட்டேன். மனிதர் வெலவெலத்துப் போய் நெஞ்சில் கையை வைத்தார். "ஹார்ட்டில் ஏதாவது தெரிகிறதா அம்மா?" என்றார். திரையில் நாடி விறுவிறுவென்று ஏறியது. இயந்திரத்தை நிறுத்தி, நாற்காலியில் உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்துச் சமாதானம் செய்வதற்குள் எனக்கே 17 வந்துவிட்டது.

அன்று மாலையே அட்டையின் மேல் காகிதம் ஒட்டினேன். அகராதியைப் பார்த்துச் சற்றுக் கடினம், கடினம், மிகக் கடினம் என்று எழுதினால் யாருக்கும் ஒன்றும் விளங்காது. 9க்கு 'காலாற நடப்பது போல' என்று எழுதினேன். 13க்கு 'மூச்சு வாங்குகிறது, ஆனால் பேச முடிகிறது'. 15க்கு 'பேச்சு துண்டு துண்டாக வருகிறது'. 17க்கு 'வாயைத் திறக்கவே தோன்றவில்லை'. ஆரம்பத்தில் பெரும்பாலானவர்களை 11க்கும் 13க்கும் இடையில்தான் நடக்கவிடுகிறோம். நாடியை எண்ணினால் போதாதா என்றால், போதாது. இருதய நோயாளிகள் பலர் பீட்டா பிளாக்கர் மாத்திரை சாப்பிடுகிறார்கள். அது நாடியை ஏறவிடாமல் பிடித்துவைக்கும். உடல் திணறிக்கொண்டிருக்கும்போதும் திரை அடக்கமாகவே காட்டும். அப்போது நோயாளியின் வாய்ச்சொல்தான் எனக்குக் கருவி.

இதைவிட ஆபத்தான சொல் டிஸ்சார்ஜ் சீட்டில் இருக்கிறது. 'ஸ்ட்ரென்யூவஸ் ஆக்டிவிட்டி கூடாது', அதாவது கடினமான வேலை கூடாது என்று ஒரே வரியில் அச்சடித்து முடித்துவிடுவார்கள். பைபாஸ் முடிந்து மூன்றாம் வாரம் ஓர் அம்மா வந்தார். இருமினால் நெஞ்செலும்பில் 'கடக்' என்று ஏதோ நகர்கிறது என்றார். கடினமான வேலை ஏதாவது செய்தீர்களா என்று கேட்டேன். "ஒன்றுமே இல்லை கண்ணு. மகன் சீட்டைப் படித்துச் சொன்னதிலிருந்து வீட்டு வேலையோடு சரி" என்றார். வீட்டு வேலை என்றால் என்னவென்று ஒவ்வொன்றாகக் கேட்டபோதுதான் தெரிந்தது. காலையில் குழாயடியிலிருந்து இரண்டு குடம் தண்ணீர். வாரத்தில் இரண்டு நாள் கிரைண்டர் குழவியைத் தூக்கிக் கழுவி மறுபடி வைப்பது. "இதெல்லாம் ஒரு வேலையா? தினமும் செய்வதுதானே" என்றார்.

நிறைந்த குடம் ஒன்று 12 கிலோவுக்குக் குறையாது. பைபாஸுக்காக நடுவே பிளந்த நெஞ்செலும்பைக் கம்பியால் கட்டித்தான் அனுப்புகிறார்கள். அது கூடுவதற்கு ஆறு முதல் எட்டு வாரம் பிடிக்கும். அதுவரை நான்கைந்து கிலோவைத் தாண்டியே தூக்கக் கூடாது. அவரை அன்றே அறுவை மருத்துவரிடம் அனுப்பினேன். நல்லவேளையாக மறுபடி திறக்க வேண்டியிருக்கவில்லை. தவறு அந்த அம்மாவுடையது அல்ல என்பது என் கட்சி. அன்றாடம் செய்கிற எதையும் நம் வீட்டுப் பெண்கள் கடினம் என்ற கணக்கில் சேர்ப்பதில்லை. மகன் சரியாகத்தான் மொழிபெயர்த்தார். அம்மாவும் சரியாகத்தான் கீழ்ப்படிந்தார். குடம் மட்டும் இடுப்பில் ஏறிவிட்டது.

மறுபக்கம், நோயாளிகள் எங்களிடம் சொல்லும் ஆங்கிலமும் இதே கதைதான். 'டயர்டாக இருக்கிறது', 'வீக்காக இருக்கிறது' என்ற இரண்டோடு நிறுத்திக்கொள்கிறார்கள். தமிழில் இதற்கு எத்தனை சொல் உண்டு! அசதி, களைப்பு, அலுப்பு, தளர்ச்சி, இளைப்பு, கிறக்கம், அடித்துப்போட்டது போல என்று அடுக்கிக்கொண்டே போகலாம். ஒவ்வொன்றும் என்னை வேறு திசையில் யோசிக்கவைக்கிறது. நடந்தால் இளைக்கிறது என்றால் இருதயம், நுரையீரல், ரத்தசோகை. எழுந்தால் கிறங்குகிறது என்றால் ரத்த அழுத்தம், மாத்திரையின் அளவு. கை கால் தளர்ந்து பிடிப்பு விட்டுப்போகிறது என்றால் தசையும் நரம்பும். அதுவும் ஒரு பக்கம் மட்டும் திடீரென்று தளர்ந்தால் பக்கவாதமாக இருக்கலாம். ஒரு நிமிடமும் காத்திருக்கக் கூடாது. 'டயர்டு' என்ற ஒரே மூட்டையில் கட்டிவந்தால் அவிழ்ப்பதற்குள் நேரம் போய்விடும்.

பெண்கள் இந்தச் சொல்லைச் சொன்னால் நான் கூடுதலாகக் கேள்வி கேட்பேன். 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. மாரடைப்புக்கு முந்தைய நாட்களில் நெஞ்சுவலியே இல்லாமல், வழக்கத்துக்கு மாறான அசதி மட்டும் வருவதும் பெண்களிடம் உண்டு. வேலை அதிகம், வயதாகிவிட்டது என்று அதை வீட்டிலேயே தீர்ப்பு எழுதி முடித்துவிடுகிறார்கள். போன மாதம் நிற்காமல் ஏறிய மாடிப்படியில் இந்த மாதம் எத்தனையாவது படியில் நிற்கிறீர்கள்? இந்த ஒரு பதிலை மருத்துவரிடம் சொல்லுங்கள்.

இப்போது எங்களிடமிருந்து வீட்டுக்குப் போகிறவர்களின் சீட்டில், அச்சடித்த அந்த வரிக்குக் கீழே பேனாவால் நானே எழுதித் தருகிறேன்: குடம் கூடாது. குழவி கூடாது. ஈரப் போர்வை பிழியக் கூடாது. பேரக்குழந்தையைத் தூக்கக் கூடாது, மடியில் உட்காரவைக்கலாம். கடைசி வரியைப் படித்ததும் பாட்டிகள் முகத்தில் வருகிற வருத்தத்துக்கு மட்டும் என் அட்டையில் எண் இல்லை.