ஆர்க்கிடெக்சர்: கட்டமைப்பா, கட்டமைநெறியா?

கோலாலம்பூர்க்காரர்களுக்கு ஆர்க்கிடெக்சர் என்றதும் ‘செனி பினா’ நினைவுக்கு வரும். மலாயில் செனி என்றால் கலை, பினா என்றால் கட்டுதல். நம் ‘கட்டடக்கலை’யும் அதே போக்குதான். கிரேக்க மூலத்தில் கலை இல்லை, ஆள்தான் இருக்கிறார்: ‘ஆர்க்கி’ தலைமை, ‘டெக்டோன்’ தச்சர். ஆக, பெருந்தச்சர்.

கணினி உலகில் இச்சொல் வேரூன்றியதில் ஐபிஎம் நிறுவனத்தின் ‘சிஸ்டம்/360’ கணினி வரிசைக்குப் பெரும்பங்கு உண்டு. 1964இல் அதை வடிவமைத்த ஆம்டால், பிளாவ், புரூக்ஸ் மூவரும் எழுதிய கட்டுரை, புரோகிராம் எழுதுபவருக்குத் தெரியும் இயல்புகளையே ஆர்க்கிடெக்சர் என்றது. உள்ளே மின்சுற்று எப்படிப் போகிறது என்பது அதில் சேராது. அதனால் வேகமும் விலையும் வேறான பல எந்திரங்கள் ஒரே ஆர்க்கிடெக்சருக்குள் அடங்கின.

இன்று பலரும் நாலு பெட்டி, நடுவே அம்புக்குறி வரைந்துவிட்டு அதையே ஆர்க்கிடெக்சர் என்கிறார்கள். அந்தப் படம் எதைக் கட்டாயமாக்குகிறது, எதை விட்டுவிடுகிறது என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். கணிதத் தர்க்கத்தின் வழியில் இதை இறுக்கிப் பிடிக்கலாம். அதன்படி ஆர்க்கிடெக்சர் என்பது ஒரு வாக்கியத் தொகுப்பு. அவ்வளவு வாக்கியங்களும் எந்த அமைப்பில் மெய்யாகின்றனவோ, அது அந்த ஆர்க்கிடெக்சரைச் சேர்ந்தது. தர்க்கவியலாளர் ஆல்பிரெட் தார்ஸ்கி வழிவந்த தர்க்கவியலில் அத்தகைய அமைப்புக்கு ‘மாதிரி’ என்று பெயர்.

கோலாலம்பூரில் ஓட்டுநர் இல்லாமல் ஓடும் கிளானா ஜெயா எல்ஆர்டி நகர ரயிலை எடுத்துக்கொள்வோம். ‘எந்த ரயிலானாலும், கதவு திறந்திருந்தால் அது நின்றிருக்க வேண்டும்’ என்று ஒரு வாக்கியம் எழுதலாம். கிளானா ஜெயா தடத்தில் நேரியல் மோட்டார், அதே நகரின் இன்னொரு ரயில் தடமான காஜாங் எம்ஆர்டியில் வழக்கமான சுழல் மோட்டார். வாக்கியத்துக்கு அதெல்லாம் பொருட்டே இல்லை. சரி, ‘தீ எச்சரிக்கை வந்த கணமே கதவு திறந்திருக்க வேண்டும்’ என்று இன்னொன்றையும், ‘ஓடும் ரயிலிலும் தீ எச்சரிக்கை வரும்’ என்று மூன்றாவதையும் சேர்த்தால்? தனித்தனியே மூன்றும் நியாயமாகத்தான் தெரிகின்றன. சேர்ந்தால் முரண். மூன்றையும் மெய்யாக்கும் ரயிலை யாராலும் கட்ட முடியாது. இது தண்டவாளம் போடும் முன்பே, தாளிலேயே தெரிந்துவிடுகிறது. படத்தைப் பார்த்தால் தெரியாது.

தமிழில் ‘கட்டமைப்பு’ என்றே பலரும் எழுதுகிறோம். ஸ்டிரக்சருக்கும் அதே சொல்தான், அங்கேதான் இடிக்கிறது. கட்டிமுடித்த ஓர் அமைப்பின் வடிவம் கட்டமைப்பு. அப்படிப்பட்ட பல அமைப்புகளுக்கும் பொதுவான விதித்தொகுப்பைக் ‘கட்டமைநெறி’ எனலாம் என்பது என் பரிந்துரை. கட்டடங்களுக்குக் கட்டடக்கலையே இருக்கட்டும்.