யோசனை இருக்கிறது, கை ஓடவில்லை

மனநல ஆலோசனைக்கு வருகிறவர்களில் "என்ன செய்யணும்னே தெரியல" என்று சொல்பவர்கள் குறைவு. "எல்லாம் தெரியுது மேடம், ஆனா உட்காரத்தான் முடியல" என்பவர்கள்தான் அதிகம். சின்னதாகக் கடை போட நினைப்பவர், பாதியில் நிற்கும் ஆய்வேட்டை முடிக்க நினைப்பவர், யூடியூப் சேனலுக்குப் பெயர்கூட முடிவு செய்துவிட்டவர் என்று பலரும் வருகிறார்கள். அநேகமாக எல்லோரும் தங்களுக்குக் கொடுத்துக்கொள்ளும் பட்டம் ஒன்றுதான்: சோம்பேறி.

அதை நான் ஒப்புக்கொள்வதில்லை. சோம்பேறிக்குத் தூக்கம் கெடாது. செய்யாத வேலையை நினைத்து நடு இரவில் விழித்துக் கிடப்பவரிடம் வேறு ஏதோ நடக்கிறது. உளவியல் ஆய்வாளர்கள் ஃபுஷியா சிரோய்ஸும் டிமோதி பிச்சிலும் 2013-ல் எழுதிய கட்டுரை இதைத்தான் பேசுகிறது. ஒரு வேலையை நினைத்தாலே பயமோ சலிப்போ குழப்பமோ வருகிறது. அந்த உணர்விலிருந்து அப்போதைக்குத் தப்பிக்கத்தான் வேலையைத் தள்ளிப்போடுகிறோம். போனைக் கையில் எடுத்ததும் மனம் லேசாகிவிடுகிறது. அந்த நிம்மதி கிடைத்ததால் மறுநாளும் கை போனுக்கே போகிறது. நேர அட்டவணை போட்டுச் சுவரில் ஒட்டியும் பலருக்குப் பலன் இல்லாததற்குக் காரணம் இதுதான். பிரச்சினை கடிகாரத்தில் இல்லை.

ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். அவர் சம்மதத்துடன், அடையாளத்தை மாற்றி எழுதுகிறேன். குழந்தை பிறந்ததும் வேலையை விட்டவர். முருங்கைக்கீரைப் பொடி செய்து விற்க வேண்டும் என்று ஆசை. "ஆடி போகட்டும்" என்றார், அப்புறம் "தை பிறக்கட்டும்" என்றார். ஒருநாள் தன் நோட்டைக் கொண்டுவந்து காட்டினார். ஒரே பக்கத்தில் இடைவெளியே இல்லாமல் பெயர், லோகோ, எப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. (உணவுப் பொருள் விற்பதற்கான அரசுப் பதிவு), ஜி.எஸ்.டி., டிரேட்மார்க், பவுச், சீலிங் மெஷின், கூரியர், இன்ஸ்டா பக்கம், பேங்க் லோன். பார்த்த எனக்கே மூச்சு முட்டியது. பக்கத்தின் மூலையில், பென்சிலில், "கட்டி தட்டுதே, ஏன்?" என்று மட்டும் சின்னதாக ஒரு வரி.

அந்த வரியைப் பற்றித்தான் கேட்டேன். போன தடவை அரைத்த பொடி சில நாளிலேயே கட்டி தட்டிவிட்டதாம். கீரை முழுசாக உலரவில்லை. பக்கம் முழுக்க வியாபாரம் இருந்தது, பொடியைப் பற்றி இருந்தது அந்த ஒரு வரிதான். மற்ற வேலைகளைச் செய்ய முடியாதபடி அவரை உள்ளுக்குள் அரித்துக்கொண்டிருந்ததும் அதுவே. பொடியே சரியாக வராதபோது லோகோ எதற்கு என்ற பயம்.

பட்டியலைப் பிரித்தோம். வீட்டிலிருந்து விற்றாலும் எப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. பதிவு இல்லாமல் விற்கக் கூடாது, சரி. ஆனால் அது விற்கும்போதுதானே? பல மாதமாக அவரை மிரட்டிய ஜி.எஸ்.டி.யோ, தமிழ்நாட்டுக்குள் பொருள் விற்பவருக்கு ஆண்டு விற்பனை 40 லட்சம் ரூபாயைத் தாண்டினால்தான் பொதுவாகக் கட்டாயம். டிரேட்மார்க் அவசரமே இல்லை. கடைசியில் அந்த வாரத்துக்கு மிஞ்சியது ஒரே வேலை. சனிக்கிழமை காலை மார்க்கெட்டிலிருந்து வந்ததும் இரண்டு கட்டுக் கீரையை ஆய்ந்து, அலசி, துணியில் பரப்பி நிழலில் காயப்போடுவது. கையில் எடுத்து நொறுக்கினால் சருகாக உடையும்வரை அரைக்கக் கூடாது. அவ்வளவுதான்.

இங்கே பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. எழுதி வைத்துவிட்டால் மனப்பாரம் குறையும் என்று நம்புகிறோம். இவரும் எழுதித்தான் வைத்திருந்தார். முடிக்காத வேலை மனதை நச்சரித்துக்கொண்டே இருக்கும் என்பது உளவியலில் பழைய செய்தி. உளவியல் ஆய்வாளர்கள் மாசிகாம்போவும் பாமைஸ்டரும் 2011-ல் வெளியிட்ட ஆய்வில், அந்த வேலையை எப்படிச் செய்வது என்று திட்டவட்டமாக முடிவு செய்ததுமே, வேலை முடியாதபோதும் நச்சரிப்பு அடங்குவதைக் கண்டார்கள். வெறும் பட்டியலில் இருப்பது 'என்ன செய்ய வேண்டும்' என்பது மட்டும்தான். எப்போது, எங்கே, எப்படி என்பது அதில் இல்லை.

ஜெர்மன் உளவியலாளர் பீட்டர் கோல்விட்ஸர் செய்த ஒரு சோதனை எனக்குப் பிடிக்கும். கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாளை எப்படிக் கழித்தோம் என்று இரண்டு நாளுக்குள் எழுதி அனுப்பும்படி மாணவர்களிடம் கேட்டார்கள். ஒரு பாதிப் பேரிடம் மட்டும், எந்த நேரத்தில், எந்த இடத்தில் உட்கார்ந்து எழுதப்போகிறீர்கள் என்பதையும் முன்கூட்டியே முடிவு செய்யச் சொன்னார்கள். அப்படி முடிவு செய்தவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேற்பட்டோர் குறித்த காலத்தில் அனுப்பினார்கள். மற்றவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். கூடுதலாகச் செய்தது அந்த ஒரு முடிவு மட்டும்!

அதனால் "இந்த வாரம் எப்படியாவது ஆரம்பிச்சுடுவேன்" என்பவரிடம் நான் விடாமல் கேட்பேன். எந்தக் கிழமை? எது முடிந்ததும்? எந்த மேசையில்? "புதன்கிழமை பிள்ளையை ஸ்கூலில் விட்டு வந்ததும், சாப்பாட்டு மேசையில் 20 நிமிடம்" என்று பதில் வரும்வரை விடமாட்டேன். பயிற்சி வகுப்பும் ஊக்க வீடியோவும் அதற்கு அப்புறம் இருக்கட்டும். ஏதோ செய்துவிட்ட திருப்தியை அவை தந்துவிடுவதால், அதற்கு மேல் நகராமல் நின்றவர்கள் பலரைப் பார்த்திருக்கிறேன்.

வீட்டாருக்கும் ஒரு வேண்டுகோள். "மெஷின் வாங்கினியே, என்ன ஆச்சு?" என்று உறவினர் நடுவில் கேட்காதீர்கள். முதல் தேர்வுக்குப் படிப்பைத் தள்ளிப்போட்டதற்காகத் தங்களையே மன்னித்துக்கொண்ட மாணவர்கள், அடுத்த தேர்வுக்குக் குறைவாகத் தள்ளிப்போட்டார்கள் என்று 2010-ல் கனடாவில் வந்த ஆய்வு சொல்கிறது. குத்திக்காட்டினால் அந்த வேலையைச் சுற்றி வெட்கமும் சேர்ந்துகொள்ளும், அதன் பக்கம் போகவே பிடிக்காமல் போகும். "சனிக்கிழமை குழந்தையை நான் பார்த்துக்கறேன்" என்று சொல்லிப் பாருங்கள்.

பொடிக்காரப் பெண் பதிவு எடுத்துவிட்டார். இப்போது தெருவுக்குள் மட்டும் விற்கிறார். லோகோ இன்னும் வரவில்லை, அதைப் பற்றி அவருக்குக் கவலையும் இல்லை.

ஆனால் எல்லாத் தள்ளிப்போடுதலும் இந்த வகை அல்ல. பிடித்த விஷயத்தில்கூட ஆர்வம் போய், தூக்கமும் பசியும் மாறி, எழுந்து குளிப்பதே பாரமாகி, இரண்டு வாரத்துக்கு மேல் இப்படியே இருந்தால் அது மனச்சோர்வாக இருக்கலாம். சின்ன வயதிலிருந்தே எதையும் முடிக்க முடியாமல் கவனம் சிதறுகிறது என்றால் அதற்கும் தனியாகப் பரிசோதனை உண்டு. இரண்டுக்கும் சிகிச்சை இருக்கிறது. எங்கே போவது என்று தெரியாவிட்டால், மத்திய அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416-ஐ அழையுங்கள். கட்டணம் கிடையாது, 24 மணி நேரமும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம்.