ஸ்கேன்: அலகிடுதலா, வருடலா?

அரசு மருத்துவமனையில் ‘ஸ்கேன் எழுதிக் கொடுத்திருக்காங்க’ என்று சீட்டை நீட்டினால், உள்ளிருந்து வரும் முதல் கேள்வி: ‘எந்த ஸ்கேன்?’ நியாயமான கேள்விதான். நம் பேச்சில் இந்த ஒரே சொல் குறைந்தது மூன்று கருவிகளைக் குறிக்கிறது.

சொல்லின் வேர் லத்தீன். ‘ஸ்காந்தெரே’ என்றால் ஏறுதல். செய்யுளைச் சீர் பிரித்து ஓசையைக் கணக்கிடுவதற்கும் அதையே சொன்னார்கள். ஆங்கிலத்துக்கும் அந்தப் பொருளோடுதான் போனது. அப்புறம் ‘உற்றுப் பார்த்தல்’ ஆனது. 20ஆம் நூற்றாண்டில் தொலைக்காட்சிப் படத்தை வரிவரியாகப் படிப்பதற்கும், பிறகு உடலைப் படமெடுப்பதற்கும் ஒட்டிக்கொண்டது.

வேடிக்கை என்னவென்றால், செய்யுளுக்குச் செய்யும் அந்த வேலைக்குத் தமிழில் எப்போதோ பெயர் இருக்கிறது: அலகிடுதல். ‘குறளை அலகிட்டு வாய்பாடு தருக’ என்ற கேள்விக்கு மதிப்பெண் வாங்கிய எல்லாரும் ஸ்கேன் எடுத்தவர்கள்தாம்! ஆனால் ‘வயிற்றை அலகிட வேண்டும்’ என்றால் யாருக்கும் புரியாது.

இன்று வழங்குவது வருடல், வருடி. ஆவணங்களைப் படியெடுக்கும் கருவிக்கு வருடி நிலைத்துவிட்டது. மருத்துவத்தில் அது கச்சிதமாகப் பொருந்துவது அல்ட்ராசவுண்டுக்கு. சில்லென்று ஜெல்லைத் தடவி, கைக்கருவியை வயிற்றின் மேல் அழுத்தி நகர்த்துகிறார்களே, அது வருடலேதான். மீயொலி வருடல் என்று தாராளமாகச் சொல்லலாம். ‘தண்ணி நிறையக் குடிச்சிட்டு, ஒண்ணுக்குப் போகாம உக்காருங்க’ என்பது இதற்குத்தான். சிறுநீர்ப்பை நிரம்பியிருந்தால் ஒலி அதன் வழியே போய்க் கருப்பையைத் தெளிவாகக் காட்டும். வரிசை நீளமாக இருக்கும் நாளில் அடக்க முடியாமல் எழுந்து போனவர், மறுபடி பாட்டிலும் கையுமாகக் காத்திருக்க வேண்டியதுதான்.

சி.டி. ஸ்கேன் வேறு. உடலைச் சுற்றி ஊடுகதிரை (எக்ஸ்ரே) செலுத்தி, கணினி அதைக் குறுக்கே நறுக்கிய துண்டுகள் போலப் படமாக்கும். 1971இல் லண்டனில் காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்டின் கருவி முதல் நோயாளியின் மூளையைப் படமெடுத்தது; 1979இல் அவருக்கு நோபல் பரிசு. ‘கம்ப்யூட்டட் டோமோகிராஃபி’ என்ற முழுப்பெயரிலுள்ள கிரேக்க ‘தோமோஸ்’ துண்டைக் குறிப்பதால் ‘வெட்டுவரைவு’ என்கிறார்கள். சரியான ஆக்கம்தான். ஆனால் ‘வெட்டு’ என்று காதில் விழுந்ததும் ஆபரேஷனோ என்று பாட்டி கலங்கிவிடுவார். அடுக்குப்படம் என்பதே என் கட்சி.

இந்தப் பயம் ஆங்கிலத்திலும் இருந்தது. மூன்றாவது கருவியான எம்.ஆர்.ஐ., வலுவான காந்தத்தைக் கொண்டு உடலைப் படமெடுப்பது. அதற்கு அடிப்படையான முறையின் பெயர் அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு. ‘அணு’ என்றால் நோயாளிகள் மிரள்வார்கள் என்று மருத்துவ உலகம் அந்த முன்சொல்லைக் கழற்றிவிட்டது. உண்மையில் இதில் ஊடுகதிரே கிடையாது. கவனிக்க வேண்டியது காந்தத்தைத்தான். ஹேர்பின் முதல் சாவிக்கொத்து வரை வெளியே வைக்கச் சொல்வார்கள். இதயத் துடிப்பைச் சீராக்க உடலுக்குள் வைக்கும் பேஸ்மேக்கர் இருந்தால் சீட்டு எழுதும்போதே சொல்லிவிட வேண்டும். காந்தப்படம் என்ற சொல்லுக்கு இந்த எச்சரிக்கையும் சேர்ந்தே வரும் வசதி உண்டு.

வாசலில் ‘ஸ்கேன் மையம்’ என்ற பலகை இருக்கட்டும், அது எல்லாருக்கும் தெரிந்த சொல். சீட்டில் மட்டும் எந்தப் படம், உடலில் எந்த இடம், வெறும் வயிறா நிறையத் தண்ணீரா என்று தமிழில் ஒரு வரி எழுதிக் கொடுத்தால் போதும்.